எஃப்.டி.ஐ.ஆர். கோப்பைச் செலவில்லாமல் திறந்து பார்ப்பது எப்படி?

திருநெல்வேலி வட்டாரத்தில் வேதியியல், தாவரவியல், சித்த மருத்துவம் ஆகிய துறைகளில் ஆய்வு செய்யும் மாணவர் பலருக்கு, ஒரு பொருள் எந்த அகச்சிவப்பு ஒளியை எவ்வளவு உட்கவர்கிறது என்று அளந்து காட்டும், எஃப்.டி.ஐ.ஆர். என்று சுருக்கமாகச் சொல்லப்படும் ஃபூரியே உருமாற்ற அகச்சிவப்பு நிறமாலைமானி கைக்கெட்டும் இடத்தில் இருப்பதில்லை. நிலவாகை இலைச் சாற்றின் உலர்ந்த பொடியையோ, உடன்குடிக் கருப்பட்டியின் ஒரு துண்டையோ, தாமிரபரணிக் கரை மணலில் பொறுக்கிய பிளாஸ்டிக் துணுக்கையோ சிறு புட்டியில் அடைத்து, கருவி இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோய், மாதிரிக்கு இவ்வளவு என்று கட்டணம் கட்டி, முடிவைப் பென் டிரைவில் வாங்கிக்கொண்டு ஊருக்குப் பேருந்து ஏறுகிறார்கள். வீட்டுக்கு வந்து கோப்பைச் சொடுக்கினால், இதை எந்த மென்பொருளால் திறப்பது என்று கணினி அவர்களையே திருப்பிக் கேட்கிறது. கருவியோடு வந்த மென்பொருளின் உரிமம் ஆய்வகத்துக் கணினியோடு நின்றுவிடுகிறது. அதைத் தனியாக விலைக்கு வாங்குவது உதவித்தொகையில் படிக்கும் ஒருவரால் ஆகாத காரியம்.

இந்த இடத்தில் பலரும் இணையத்தில் 'இலவச எஃப்.டி.ஐ.ஆர். மென்பொருள்' என்று தேடத் தொடங்குகிறார்கள். அப்படித் தொடங்குவதைவிட, கையில் இருக்கும் கோப்பு யார் உருவாக்கியது, அதற்குள் என்ன இருக்கிறது என்ற இரண்டையும் முதலில் கண்டறிந்துகொண்டால் வேலை பாதியாகக் குறையும். எந்த மென்பொருளும் எல்லாக் கோப்பையும் திறப்பதில்லை. ஆனால் ஏறத்தாழ எல்லாக் கோப்புக்கும் செலவில்லாத ஒரு வழி உண்டு.

கோப்புக்குள் என்ன இருக்கிறது

நெல்லையப்பர் கோயிலின் இசைத்தூண்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சிறு தூணும் தட்டினால் தனக்குரிய ஒலியைத் தரும். பல தூண்களை ஒரே நேரத்தில் தட்டினால் காதில் விழுவது ஒரு கலவை. அந்தக் கலவையில் எந்தச் சுரம் எவ்வளவு இருக்கிறது என்று பிரித்து எழுதிக் காட்டும் கணக்குக்குத்தான் ஃபூரியே உருமாற்றம் என்று பெயர். எஃப்.டி.ஐ.ஆர். கருவியும் இதையே செய்கிறது. உள்ளே ஓர் ஆடி முன்னும் பின்னும் நகரும்போது, எல்லா அலையெண்களும் (அலையெண் என்பது ஒரு செ.மீ. நீளத்தில் அடங்கும் அலைகளின் எண்ணிக்கை) கலந்த ஒளியின் வலிமை ஏறி இறங்குவதைக் கருவி பதிவு செய்கிறது. இந்த மூலப்பதிவுக்கு இன்டர்ஃபெரோகிராம் என்று பெயர். பல கருவிகளில் ஆடியின் நகர்வை அளக்கும் அளவுகோலாக 632.8 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஹீலியம்-நியான் லேசர் இருக்கிறது. பதிவைக் கணினி உருமாற்றி, 4000 முதல் 400 செ.மீ⁻¹ வரை நீளும் நிறமாலையாகத் தருகிறது. இந்தக் கணக்கை விரைவாகச் செய்யும் முறையை ஜேம்ஸ் கூலியும் ஜான் டூக்கியும் 1965இல் வெளியிட்டார்கள். அதன் பிறகே இவ்வகைக் கருவி சாதாரண ஆய்வகங்களுக்கு வந்து சேர வழி பிறந்தது.

ஆகவே சேமித்த கோப்பில் மூலப்பதிவு இருக்கலாம், மாதிரி இல்லாமல் எடுத்த பின்னணிப் பதிவு இருக்கலாம், இரண்டையும் உருமாற்றி, ஒன்றை மற்றொன்றால் வகுத்துக் கிடைத்த இறுதி நிறமாலை இருக்கலாம், சில வேளைகளில் இவை அனைத்துமே ஒரே கோப்பில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கலாம். ஆலங்குளம் பக்கத்து மாணவி ஒருவர், தம் கோப்பு கெட்டுவிட்டது என்று மிகுந்த கவலையோடு என்னிடம் கொண்டுவந்தார். திரையில் ஒரு நேர்கோடும் அதன் நடுவே கூர்மையான ஒரே ஒரு துடிப்பும் மட்டுமே தெரிந்தன. கோப்பு கெடவில்லை. அவர் திறந்தது இன்டர்ஃபெரோகிராமை. அதே கோப்பின் அடுத்த அடுக்கில் அவர் தேடிய நிறமாலை பத்திரமாக இருந்தது. கட்டணம் கட்டி மறுபடி அளக்கப் போகும் முன்பு இதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பெயரின் வால், கோப்பின் முதல் எழுத்துகள்

விண்டோஸ் கணினி கோப்புப் பெயரின் பின்னொட்டை வழக்கமாக மறைத்து வைத்திருக்கும். கோப்புலாவியின் 'வியூ' பட்டியலில் கோப்புப் பெயர் நீட்சியைக் காட்டும் தெரிவை இயக்கிவிட்டுப் பாருங்கள். பின்னொட்டு எஸ்.பி.ஏ. என்றிருந்தால் அது தெர்மோ நிக்கோலே கருவியின் ஆம்னிக் மென்பொருள் எழுதியது. பல நிறமாலைகளை ஒரே கட்டாகச் சேமித்தால் அதே மென்பொருள் எஸ்.பி.ஜி. என்று பெயர் வைக்கும். பின்னொட்டு வெறும் எண்ணாக, அதாவது புள்ளிக்குப் பிறகு 0 என்றோ 1 என்றோ இருந்தால் அது புரூக்கர் கருவியின் ஓபஸ் கோப்பு. ஒரே பெயரில் மறுபடி அளக்கும்போது எண் ஒவ்வொன்றாக ஏறும். ஆகவே 0 என்பதும் 1 என்பதும் வேறு வேறு அளவீடுகள், ஒன்றன் நகல் மற்றொன்று என்று நினைத்து அழித்துவிடக் கூடாது. எஸ்.பி. என்றிருந்தால் பெர்க்கின் எல்மர், ஜே.டபிள்யூ.எஸ். என்றிருந்தால் ஜாஸ்கோ. எஸ்.பி.சி. என்பது கேலக்டிக் என்ற நிறுவனம் உருவாக்கிப் பின்னர் பல கருவிகளும் ஏற்றுக்கொண்ட பொது வடிவம். ஜே.டி.எக்ஸ். அல்லது டி.எக்ஸ். என்றிருந்தால் நீங்கள் கொடுத்து வைத்தவர். அது ஜேகேம்ப்-டி.எக்ஸ். என்னும் திறந்த வடிவம், அதைப் பற்றிக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

பெயர் மாறிப்போயிருந்தாலோ, பின்னொட்டே இல்லாமல் வந்திருந்தாலோ, கோப்பின் ஒரு நகலை நோட்பேட் போன்ற எளிய எழுதியில் திறந்து முதல் வரியை மட்டும் பாருங்கள். ஆம்னிக் கோப்பின் தொடக்கத்தில் 'ஸ்பெக்ட்ரல் டேட்டா ஃபைல்' என்ற ஆங்கிலச் சொற்கள் தெரியும். பெர்க்கின் எல்மர் கோப்பு பி, ஈ, பி, ஈ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளோடு தொடங்கும். ஜேகேம்ப் கோப்பு இரட்டை வேலிக்குறியோடும் (##) 'டைட்டில்' என்ற சொல்லோடும் தொடங்கி, வரிவரியாகப் படிக்கக்கூடியதாக இருக்கும். மற்றவற்றில் பெரும்பாலும் பொருளற்ற குறிகளே தெரியும், அதில் அஞ்சுவதற்கு ஒன்றுமில்லை. ஆனால் ஒன்றில் கவனம் வேண்டும். நோட்பேடில் பார்த்துவிட்டு மூடும்போது சேமிக்கவா என்று கேட்டால் வேண்டாம் என்றே சொல்லுங்கள். சேமித்தால் உள்ளிருக்கும் இருமக் குறிகள் சிதைந்து கோப்பு உண்மையாகவே கெட்டுவிடும். நகலில் மட்டும் பார்க்கச் சொன்னது அதனால்தான். பின்னொட்டைக் கையால் சி.எஸ்.வி. (காற்புள்ளியால் பிரித்த எண்கள் கொண்ட எழுத்துக் கோப்பு) என்று மாற்றிவிட்டால் கோப்பும் மாறிவிடும் என்ற நம்பிக்கையும் தவறானது. பெயர்ப்பலகை மட்டுமே மாறும், உள்ளிருப்பது அப்படியே இருக்கும்.

ஆய்வகத்தை விட்டுக் கிளம்புவதற்கு முன்

இக்கட்டுரையில் ஒரே ஒரு பத்தியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். கருவியை இயக்குபவரிடம், மூலக் கோப்போடு ஜேகேம்ப் வடிவத்திலும் சி.எஸ்.வி. அல்லது எளிய எழுத்து வடிவத்திலும் ஒரு பிரதி வேண்டும் என்று பணிவாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இதற்கு அவருக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. ஆம்னிக்கில் 'சேவ் ஆஸ்' கொடுத்து வடிவத்தை மாற்றினால் போதும். ஓபஸில் அதே இடத்தில் தரவுப்புள்ளி அட்டவணை என்ற தெரிவு டி.பி.டி. என்ற பின்னொட்டோடு எழுத்துக் கோப்பைத் தரும். பெர்க்கின் எல்மர், ஷிமாட்சு, ஜாஸ்கோ மென்பொருள்களிலும் எழுத்து வடிவில் ஏற்றுமதி செய்யும் வசதி இருக்கிறது. எந்த முறையில் அளந்தார்கள் (மாதிரியைக் கலந்து அழுத்திய பொட்டாசியம் புரோமைடு வில்லையா, மாதிரியை மேலே அழுத்தி வைக்கும் ஏ.டி.ஆர். படிகமா), பிரிதிறன், அதாவது அருகருகே உள்ள முகடுகளைப் பிரித்துக் காட்டும் நுணுக்கம், எவ்வளவு, எத்தனை முறை வருடி எடுத்தார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். இந்த மூன்றும் இல்லாமல் பிறகு எந்த மென்பொருளைத் திறந்து வைத்தும் ஆய்வேட்டில் முறையாக எழுத முடியாது.

வாங்கிய எழுத்துக் கோப்பை அங்கேயே ஒருமுறை திறந்து வரிகளை எண்ணிப் பார்ப்பதும் நல்லது. 4 செ.மீ⁻¹ பிரிதிறனில் 4000 முதல் 400 வரை அளந்தால், பல கருவிகளில் புள்ளிகளுக்கிடையே 1.93 செ.மீ⁻¹ அளவு இடைவெளி இருக்கும். அப்படியானால் ஏறத்தாழ 1,870 வரிகள் இருக்க வேண்டும். இருபது முப்பது வரிகளே இருந்தால் உங்களுக்குக் கிடைத்தது நிறமாலை அன்று, மென்பொருள் குறித்துக் கொடுத்த முகடுகளின் பட்டியல் மட்டுமே. அதை வைத்து வரைபடம் வரைய இயலாது.

செலவில்லாத மென்பொருள்கள்

எழுத்துக் கோப்பு கையில் இருப்பவருக்குத் தனி மென்பொருளே தேவையில்லை. லிப்ரே ஆபிஸ் என்ற இலவச அலுவலக மென்பொருளின் விரிதாளில் திறந்து, இரண்டு நெடுவரிசைகளையும் தேர்ந்து, எக்ஸ்-ஒய் சிதறல் வகையில் கோடு மட்டும் வரையச் சொன்னால் நிறமாலை வந்துவிடும். கிடை அச்சின் அளவுகோல் பகுதியில் திசையைத் திருப்பச் சொல்லுங்கள், ஏனெனில் அகச்சிவப்பு நிறமாலையில் 4000 இடப்பக்கமும் 400 வலப்பக்கமும் வருவதே மரபு. சாதாரணக் கோட்டு வரைபட வகையைத் தேர்ந்தால் அலையெண்ணை எண்ணாகக் கொள்ளாமல் வரிசைப்பெயராகக் கொண்டுவிடும், அச்சு தவறாகும். சில ஐரோப்பிய அமைப்புக் கணினிகளில் எழுதிய கோப்புகளில் தசமப் புள்ளிக்குப் பதிலாகக் காற்புள்ளி இருக்கும். எண்கள் விசித்திரமாகத் தெரிந்தால், இறக்குமதிப் பெட்டியில் பிரிகுறியையும் மொழியமைப்பையும் மாற்றிப் பாருங்கள். பல நிறமாலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அழகாக வரைந்து ஆய்வேட்டில் சேர்க்க வேண்டுமானால், கே.டி.ஈ. என்ற கட்டற்ற மென்பொருள் குழுமத்தின் லேப்பிளாட் என்ற வரைபட மென்பொருள், விரிதாளைவிட நல்ல முடிவைத் தரும்.

கருவியின் சொந்த வடிவக் கோப்பு மட்டுமே இருப்பவர்களுக்கு, விண்டோஸில் இயங்கும் ஸ்பெக்ட்ராகிரிஃப் மிக எளிய வழி. அதன் முன்னோடி ஸ்பெக்வின்32 என்ற பெயரில் பல ஆண்டுகள் புழங்கியது. கோப்பை இழுத்து அதன் திரையில் போட்டால் போதும். ஆம்னிக், ஓபஸ், பெர்க்கின் எல்மர், ஜாஸ்கோ, எஸ்.பி.சி., ஜேகேம்ப் என்று நம் பக்கத்தில் காணப்படும் வடிவங்களில் பெரும்பாலானவற்றை அது அறியும். அடித்தளம் திருத்துவது (சாய்ந்த அடிக்கோட்டைச் சமன்செய்வது), முகடுகளைக் குறிப்பது, வேறு வடிவத்தில் சேமிப்பது ஆகியவற்றையும் செய்யும். இது இலவசமாகக் கிடைப்பது வணிக நோக்கமில்லாத பயன்பாட்டுக்கு. இதன் மூலநிரல் திறந்ததன்று. ஆகவே பதிவிறக்கும் நாளில் உரிம நிபந்தனையைப் படித்துவிட்டு நிறுவுங்கள். கட்டணமில்லாதது வேறு, மூலநிரல் திறந்திருந்து எவரும் பயன்படுத்தவும் மாற்றவும் உரிமை தரும் கட்டற்றது வேறு என்ற வேறுபாடு இங்கே நடைமுறையில் முக்கியமானது. கட்டணமில்லாததன் நிபந்தனை என்றைக்கு வேண்டுமானாலும் மாறலாம். கட்டற்ற மென்பொருளை நீங்கள் வைத்திருக்கும் பதிப்பு உங்களிடமே இருக்கும்.

கட்டற்ற மென்பொருளில் நான் முதலில் பரிந்துரைப்பது குவாசர். ஸ்லோவேனியாவின் லுப்லியானா பல்கலைக்கழகத்தில் உருவான ஆரஞ்சு என்ற தரவாய்வு மென்பொருளின் மேல் நிறமாலைக்கென்று கட்டியது இது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும். நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. திரையில் சிறு சிறு கட்டங்களை வைத்து அவற்றைக் கோடுகளால் இணைக்க வேண்டும். 'ஃபைல்' என்ற கட்டத்தில் கோப்பைக் கொடுத்து, அதிலிருந்து ஒரு கோட்டை 'ஸ்பெக்ட்ரா' என்ற கட்டத்துக்கு இழுத்தால் நிறமாலை தெரியும். பத்து இருபது மாதிரிகளை ஒன்றாகப் பார்க்க வேண்டுமானால் 'மல்டிஃபைல்' கட்டத்தைப் பயன்படுத்துங்கள். இன்டர்ஃபெரோகிராம் மட்டுமே சேமித்து வந்தவர்களுக்கு இதில் உள்ள 'இன்டர்ஃபெரோகிராம் டு ஸ்பெக்ட்ரம்' என்ற கட்டம் பெரிய உதவி. ஃபூரியே உருமாற்றத்தை அதுவே செய்து தரும். அப்போது மாதிரிக்கும் பின்னணிக்கும் ஒரே முனைச்சீராக்கச் சார்பையும் (பதிவின் ஓரங்களை மெல்லத் தணிக்கும் 'அப்போடைசேஷன்') ஒரே அலைநிலைத் திருத்த முறையையும் ('ஃபேஸ் கரெக்‌ஷன்') தேர்ந்தெடுக்க வேண்டும், இரண்டும் வேறுபட்டால் வகுத்து வரும் நிறமாலையில் இல்லாத அலைகள் தோன்றும். ஓபஸ் கோப்பை இதில் திறக்கும்போது எந்த அடுக்கைக் காட்டுவது என்று தேர்ந்தெடுக்கும் இடம் இருக்கிறது. ஆலங்குளத்து மாணவியின் சிக்கல் அந்த ஒரு தெரிவை மாற்றியதில் தீர்ந்தது. முதல்முறை திறக்கும்போது கட்டங்களும் கோடுகளும் மிரட்டுவது போலத் தோன்றலாம், ஒரு மாலைப்பொழுது உட்கார்ந்து பழகினால் பிடிபட்டுவிடும். அந்த உழைப்புக்கு ஈடாக, பின்னாளில் பல நிறமாலைகளின் வேறுபாட்டைச் சுருக்கிக் காட்டும் முதன்மைக் கூறு ஆய்வு போன்றவற்றையும் இதே திரையில் செய்துகொள்ளலாம்.

பைதான் தெரிந்தவர்களுக்கு ஸ்பெக்ட்ரோகெம்பை என்ற நூலகம் இருக்கிறது. ஆம்னிக்கின் தனிக்கோப்பையும் கட்டுக்கோப்பையும், ஓபஸையும், ஜேகேம்ப்பையும் ஒற்றை வரி ஆணையால் படித்து, அடுத்த வரியில் வரைந்து காட்டும். நூறு கோப்புகளை ஒரே மூச்சில் எழுத்து வடிவத்துக்கு மாற்ற இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. மடிக்கணினி இல்லாத மாணவர்கள் நம் பகுதியில் இன்னும் பலர் இருக்கிறார்கள். அவர்கள், உலாவியிலேயே பைதான் இயக்க உதவும் கூகுள் கோலாப் சேவையில் இந்த நூலகத்தை நிறுவி, கல்லூரிக் கணினியிலோ கைப்பேசியின் உலாவியிலோகூட இதைச் செய்யலாம். ஆர் என்ற நிரல்மொழி பழகியவர்களுக்கு, எழுத்து, ஜேகேம்ப் வடிவக் கோப்புகளைப் படித்து வரைய ஹைப்பர்ஸ்பெக், கெமோஸ்பெக் என்ற தொகுப்புகள் உதவும்.

தாமிரபரணியிலோ கடற்கரையிலோ கிடைத்த பிளாஸ்டிக் துணுக்குகளை ஆராய்பவர்களுக்கு ஓப்பன் ஸ்பெசி என்ற திறந்த கருவி தனியாக இருக்கிறது. உலாவியிலேயே இயங்கும். கோப்பை ஏற்றினால் நிறமாலையைக் காட்டுவதோடு, தன் தொகுப்பில் உள்ள பாலிஎத்திலீன், பாலிபுரொப்பிலீன் முதலியவற்றோடு ஒப்பிட்டு எதற்கு நெருக்கம் என்றும் சொல்லும். அது தரும் முதல் பெயரை அப்படியே எழுதிவிடாமல், இரண்டு நிறமாலைகளையும் கண்ணால் ஒப்பிட்டு முடிவு செய்யுங்கள். உலாவிக் கருவி எதுவாயினும் கோப்பு வேறொருவர் கணினிக்குச் செல்லக்கூடும் என்பதையும் மறக்க வேண்டாம். பகிர்வுக்கு ஒப்புதல் கேட்கும் இடங்களைப் படித்துப் பாருங்கள், வெளியிடப்படாத ஆய்வாக இருந்தால் வழிகாட்டியிடம் கேட்டுவிட்டு ஏற்றுங்கள்.

ஜேகேம்ப் வடிவத்தைப் பற்றி

1988இல் வெளியான இந்த வடிவம், கருவிகள் ஒன்றோடொன்று பேச இயலாமல் இருந்த காலத்தில் அகச்சிவப்பு நிறமாலைகளைப் பரிமாறிக்கொள்வதற்காகவே வகுக்கப்பட்டது. அன்றைய கோப்பை இன்றும் திறக்க முடிகிறது என்பதே இதன் பெருமை. தலைப்பகுதியில் மாதிரியின் பெயர், அச்சுகளின் அலகு, முதல் அலையெண், கடைசி அலையெண், புள்ளிகளின் எண்ணிக்கை ஆகியவை இரட்டை வேலிக்குறியிட்ட வரிகளாக இருக்கும். அதன் கீழே எண்கள் வரிசையாக வரும். இதைத் திறக்க ஜேஸ்பெக்வியூ போதும். ஜமைக்காவில் மேற்கிந்தியத் தீவுகள் பல்கலைக்கழகத்தில் தொடங்கப்பட்டு, இன்று ஜேமால் மூலக்கூறு காட்டியோடு சேர்ந்து கிடைக்கும் திறந்த மென்பொருள் அது.

சிலர் ஜேகேம்ப் கோப்பை நேரடியாக விரிதாளில் திறந்து இரண்டு இடங்களில் தடுமாறுகிறார்கள். முதலாவது, எண்களுக்கு நடுவே எழுத்துகளும் சதவீதக் குறியும் கலந்து வருவது. அது சிதைவு அன்று, இடத்தை மிச்சப்படுத்த முன் எண்ணுக்கும் பின் எண்ணுக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் எழுத்துக் குறியீட்டில் அடக்கி வைக்கும் முறை. விரிதாளால் அதை அவிழ்க்க முடியாது, ஜேகேம்ப் அறிந்த மென்பொருளே வேண்டும். இரண்டாவது, செங்குத்து எண்கள் ஆயிரக்கணக்கிலும் லட்சக்கணக்கிலும் இருப்பது. தலைப்பகுதியில் 'ஒய் ஃபேக்டர்' என்று ஒரு பெருக்குத் தொகை கொடுத்திருப்பார்கள், ஒவ்வோர் எண்ணையும் அதனால் பெருக்கினால்தான் உண்மையான அளவு வரும். இதைப் பெருக்காமல் வரைந்த படம் வடிவத்தில் சரியாகவே தோன்றும் என்பதால் தவறு எவர் கண்ணிலும் படாமல் போய்விடக் கூடும்.

அமெரிக்காவின் என்.ஐ.எஸ்.டி. நிறுவனத்தின் வேதியியல் வெப்புக் பக்கத்தில் பல சேர்மங்களின் அகச்சிவப்பு நிறமாலைகள் இதே வடிவத்தில் கட்டணமின்றிப் பதிவிறக்கக் கிடைக்கின்றன. ஒரு மென்பொருளை நிறுவியதும் முதலில் அங்கிருந்து தெரிந்த பொருள் ஒன்றின் கோப்பை, அசிட்டோனையோ எத்தனாலையோ எடுத்துத் திறந்து பழகுங்கள். அது சரியாகத் தெரிந்து உங்கள் கோப்பு தெரியவில்லை என்றால் குறை மென்பொருளில் இல்லை என்பது உறுதியாகும்.

திறந்தது சரியாகத் திறந்ததா

கோப்பு திறந்து ஒரு கோடு தெரிந்தவுடன் நிம்மதியடைந்துவிடக் கூடாது. இலவச மென்பொருள்களில் பலவும், கருவி நிறுவனங்கள் வெளியிடாத வடிவத்தைத் தாங்களாகவே ஆராய்ந்து கண்டுபிடித்துப் படிக்கின்றன. புதிய பதிப்புக் கருவியில் எழுதிய கோப்பை அவை தவறாகப் புரிந்துகொள்வது இயல்பு. ஆகவே ஆய்வகம் கொடுத்த அச்சுப்பிரதியை அருகில் வைத்துக்கொண்டு, வலிமையான மூன்று நான்கு முகடுகளின் அலையெண்ணை ஒப்பிடுங்கள். அச்சுப்பிரதி இல்லையென்றால் காற்றே துணை செய்யும். அறைக்காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடு 2350 செ.மீ⁻¹ அருகில் இரட்டை முகடாகவும் 667 அருகில் கூர்மையான சிறு முகடாகவும் பெரும்பாலான நிறமாலைகளில் கொஞ்சமாவது எட்டிப் பார்க்கும். அவை அந்த இடத்தில் இருந்தால் கிடை அச்சு சரி. ஆய்வகம் பாலிஸ்டைரீன் தகட்டின் சோதனைக் கோப்பையும் தந்தால் இன்னும் நல்லது, அதன் முகடுகள் 1601, 1028 ஆகிய இடங்களில் இருக்க வேண்டும்.

செங்குத்து அச்சில் இருப்பது மாதிரியைக் கடந்து வந்த ஒளியின் அளவான ஊடுகடத்தல் சதவீதமா, மாதிரி உள்வாங்கியதைக் காட்டும் உட்கவர்தலா என்பதையும் பாருங்கள். முகடுகள் கீழ்நோக்கித் தொங்கினால் முந்தையது, மேல்நோக்கி எழுந்தால் பிந்தையது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றுவது எளிது: 2 என்ற எண்ணிலிருந்து ஊடுகடத்தல் சதவீதத்தின் பத்தடிமான மடக்கையைக் கழித்தால் உட்கவர்தல் கிடைக்கும். 100 சதவீதம் 0 ஆகும், 10 சதவீதம் 1 ஆகும், 1 சதவீதம் 2 ஆகும். இரண்டு மாதிரிகளை ஒப்பிட்டு அளவு சொல்ல வேண்டுமானால் உட்கவர்தலிலேயே ஒப்பிடுங்கள். ஏ.டி.ஆர். முறையில் எடுத்த நிறமாலையில் குறைந்த அலையெண் பகுதியின் முகடுகள் இயல்பாகவே பெரிதாகத் தெரியும், அதை வில்லை முறையில் எடுத்த பழைய நிறமாலையோடு நேராக ஒப்பிடக் கூடாது.

மென்பொருள் தானாகவே செய்யும் திருத்தங்களிலும் விழிப்பு வேண்டும். அடித்தளத் திருத்தம், மென்மையாக்கல் இரண்டையும் நிறுத்திவிட்டு ஒருமுறை பார்த்த பிறகே இயக்குங்கள். கருப்பட்டியில் வெல்லமோ சர்க்கரையோ கலந்திருக்கிறதா என்று பார்க்கும் மாணவர் ஒருவருக்கு 900 முதல் 1150 வரையிலான பகுதியில் உள்ள சிறு தோள்களே (பெரிய முகட்டின் பக்கவாட்டில் தெரியும் சிறு மேடுகள்) ஆதாரம். மூன்றுக்கும் அடிப்படையான சுக்ரோசு ஒன்றே என்பதால் பெரிய முகடுகள் ஒரே இடத்தில்தான் வரும். மென்மையாக்கலை அளவுக்கு மீறி வைத்தால் அந்தத் தோள்கள்தான் முதலில் மறையும்.

தேடும்போது

மேலே சொன்னவற்றில் எதுவும் உங்கள் கோப்பைத் திறக்கவில்லை என்றால், கருவியின் நிறுவனப் பெயர், பின்னொட்டு, 'ரீடர்' அல்லது 'கன்வெர்ட்டர்' என்ற சொல் ஆகிய மூன்றையும் சேர்த்துத் தேடுங்கள். நிரல்களைப் பகிர்ந்துகொள்ளும் கிட்ஹப் தளத்தில் இதே சொற்களைக் கொண்டு தேடினால், அந்த ஒரு வடிவத்துக்கென்றே யாரேனும் எழுதிய சிறு நிரல் பெரும்பாலும் கிடைக்கும். கடைசியாக எப்போது திருத்தப்பட்டது, உரிமக் கோப்பு இருக்கிறதா, மாதிரிக் கோப்பு தந்திருக்கிறார்களா என்பதைப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள். மென்பொருளை அதை உருவாக்கியவரின் பக்கத்திலிருந்து மட்டுமே இறக்குங்கள்.

பூட்டு உடைத்த வணிக மென்பொருளைப் பென் டிரைவில் போட்டுத் தருவதாகச் சொல்லும் கடைகளிடம் போக வேண்டாம் என்று வருத்தத்தோடு கேட்டுக்கொள்கிறேன். அப்படி நிறுவிய ஒரு மடிக்கணினியில் மூன்று ஆண்டு ஆய்வுத் தரவு முழுவதும் பூட்டப்பட்டு, விடுவிக்கப் பணம் கேட்கும் அறிவிப்பு வந்ததை நேரில் பார்த்திருக்கிறேன். அந்தத் தரவு திரும்பக் கிடைக்கவில்லை. ஆய்வேட்டில் எந்த மென்பொருளைப் பயன்படுத்தினீர்கள் என்று எழுதும் இடத்தில் உண்மையை எழுத முடியாத நிலையும் அதனோடு சேர்ந்து வரும்.

எண்கள் எதுவும் இல்லாமல் பி.டி.எஃப். படம் மட்டுமே மிஞ்சியிருந்தால் முதலில் அதை நன்றாகப் பெரிதாக்கிப் பாருங்கள். கோடு கூர்மையாகவே இருந்தால் அது கோட்டுருவாகச் சேமிக்கப்பட்டிருக்கிறது. இங்க்ஸ்கேப் என்ற கட்டற்ற வரைகலை மென்பொருளில் திறந்து கோட்டின் புள்ளிகளை எடுத்து, அச்சின் இரண்டு தெரிந்த எண்களை வைத்து அலையெண்ணாக மாற்றிவிடலாம். புள்ளி புள்ளியாக உடைந்தால் அது வெறும் படம். வெப்பிளாட்டிஜிட்டைசர் என்ற திறந்த கருவியில் அச்சுகளைக் குறித்துக் கோட்டைத் தடம் பிடிக்கச் செய்யலாம். நம் பக்கத்து ஆய்வகங்கள் சில தரும் படங்களில் 2000 செ.மீ⁻¹ இருக்கும் இடத்தில் அச்சின் அளவுகோலே மாறும். அப்படியானால் இரு பகுதிகளையும் தனித்தனியாக அளவிட்டு எடுக்க வேண்டும். இவ்வாறு மீட்ட எண்களைக் கண்ணால் பார்க்கவும் முகடுகளின் இடம் சொல்லவும் மட்டும் பயன்படுத்துங்கள், பரப்பளவைக் கணக்கிட வேண்டாம். படத்திலிருந்து எடுத்தது என்பதை ஆய்வேட்டில் குறிப்பிடவும் வேண்டும்.

கோப்பு திறந்து, சரிபார்த்து முடிந்ததும், மாதிரி ஒவ்வொன்றுக்கும் கணினியில் ஒரு கோப்புறை உருவாக்கி, கருவி தந்த மூலக் கோப்பைத் தொடாமல் அதில் வையுங்கள். அதனருகே ஜேகேம்ப் பிரதி, எழுத்துப் பிரதி, அளந்த நாளும் முறையும் பிரிதிறனும் எழுதிய ஒரு சிறு குறிப்பு ஆகியவற்றைச் சேருங்கள். ஓபஸ் கோப்பாக இருந்தால் 0, 1, 2 என்ற எண்களில் எது எந்த மாதிரி என்பதையும் அந்தக் குறிப்பில் எழுதுங்கள். முழுக் கோப்புறையையும் பென் டிரைவைத் தவிர இன்னோர் இடத்திலும் நகலெடுத்து வையுங்கள்.